போர்டு போயிடுச்சா, மதகு மூடியிருக்கா?

நவம்பர் முதல் பாதி. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நவம்பர் 15 என்று அறிவித்திருப்பார்கள். சில ஆண்டுகளில் கடைசி நேரத்தில் நீட்டிப்பும் வரும். ஆனால் நீட்டிப்பை நம்பி யார் வீட்டில் உட்கார்ந்திருப்பது? காவிரிப் படுகையின் பொதுச் சேவை மையங்களில் கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். ஒரு கையில் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல். இன்னொரு கையில் மடக்கிய குடை. அப்படி ஒரு மழைக் காலையில், முந்தின நாள் சாயங்காலம்தான் கடையில் கொடுத்து ‘அப்கிரேடு’ பண்ணிக் கொண்டுவந்த கம்ப்யூட்டர், பட்டனை அழுத்தினால் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை. மையத்தை நடத்தும் பெண் நாலைந்து முறை அழுத்திப் பார்ப்பார். வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர், “பிளக்கப் புடுங்கிச் சொருகிப் பாரும்மா” என்பார். அதுவும் நடக்கும். பிறகு கடைக்குப் போன். மறுமுனையில் இருப்பவர் டீ குடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: “போர்டு போயிருக்கும். எடுத்துட்டு வாங்க.”

இந்தக் கட்டுரைக்குச் சண்டை அந்தக் கடைக்காரரோடு இல்லை, அந்தத் தீர்ப்போடுதான். நேற்று வரை ஓடிய இயந்திரம், நடுவில் ஒரு கை உள்ளே போய் எதையோ கழற்றி வேறொன்றை மாட்டியது, இன்று ஓடவில்லை. இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால், அந்தக் கை தொட்ட இடத்தை முதலில் பார்க்கச் சொல்லி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். நடப்பதோ தலைகீழ். புதிதாகப் போட்ட பாகத்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கியதல்லவா? பழி பழைய மதர்போர்டின் தலையில் விழுகிறது. ஐயாயிரமோ எட்டாயிரமோ கொடுத்து அதையும் மாற்றிய பிறகுதான், ஒரு கேபிளைச் சொருக மறந்தது தெரியவருகிறது. சில சமயம் அதுவும் தெரியாமலே போய்விடுகிறது. புது போர்டை மாட்டும்போது கேபிளும் தானாகச் சரியாகச் சொருகப்பட்டிருக்கும். ‘போர்டு மாத்துனதும் ஓடிடுச்சு’ என்று இரு தரப்பும் திருப்தியாகப் பிரிந்துவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டெல்டாக்காரர்கள் வேறு எந்த விஷயத்திலும் இப்படி யோசிப்பவர்கள் அல்ல. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அங்கிருந்து கிளை ஆறுகள், ஏ, பி, சி, டி என்று அரசாங்கம் பெயர் வைத்த வாய்க்கால்கள், கடைசியில் வயல் மடை. கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால், மேட்டூர் உடைந்துவிட்டது என்று எந்த விவசாயியும் முடிவு கட்டுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடக்கிறார். நம் மடையில் இல்லை. மேல் மதகில் இருக்கிறதா? இருக்கிறது என்றால், அடைப்பு அதற்கும் இதற்கும் நடுவில். ஆகாயத்தாமரை அடைத்திருக்கலாம், எவனோ மண்ணைப் போட்டுக் கட்டியிருக்கலாம், லஸ்கர் பலகையை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். நடந்து போனால் அரை மணியில் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் போவதும் இப்படித்தான். சுவர் பிளக்தான் தலைப்பு. அதற்கடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அல்லது யூபிஎஸ். அப்புறம் எஸ்எம்பிஎஸ், கல்லணை என்றால் இதுதான். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிப் பிரித்துவிடுகிற பெட்டி. அதிலிருந்து 24 ஊசி கனெக்டர் ஒன்று மதர்போர்டின் ஓரத்துக்கு, 8 ஊசி கனெக்டர் ஒன்று பிராசஸருக்கு, மற்றவை ஹார்டு டிஸ்க்குக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும். எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று மேலிருந்து நடந்து பார்ப்பதுதான் பழுது பார்ப்பது. மற்றதெல்லாம் பாகம் விற்பது.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு புறம் கோடு, மறுபுறம் வட்டம். வட்டத்தை அழுத்தி வைத்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். வேலை செய்தவர் பாதுகாப்புக்காக அதை அணைத்துவிட்டு, மூடும்போது மறந்திருப்பார். சிரிப்பாக இருக்கலாம், எழாத கம்ப்யூட்டர்களில் எத்தனை இந்த வட்டத்தில் சிக்கியவை என்று சர்வீஸ் கடைக்காரர்களைத் தனியாகக் கேட்டால் அவர்களும் சிரிப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய மெஷின் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று சிவப்பு நிறத்தில் ஒரு நகர்த்து சுவிட்ச் உண்டு. அது 115-ல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கதை முடியும்.

அடுத்து முன்பக்கத்து பட்டன். இதைப் பற்றிய தவறான எண்ணம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த கம்ப்யூட்டர்களில் கட்டைவிரலால் ‘டொக்’ என்று அழுத்தும் கனமான சுவிட்ச் இருந்தது. அது உண்மையிலேயே வீட்டு விளக்கு சுவிட்ச் மாதிரி மின்சாரத்தைச் சேர்த்தது, துண்டித்தது. 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பட்டன் என்பது ஒரு மனு மட்டுமே. பிளக் சொருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் மின்சாரத்தைக் காத்திருப்பில் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும். மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் சொல்லும். அதற்குப் பிறகுதான் முழு மின்சாரமும் திறக்கும். மனு போகிற வழி இரண்டே இரண்டு மெல்லிய வயர்கள். மதர்போர்டின் கீழ்மூலையில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்துகளுக்கு நடுவில், இரண்டு ஊசிகளில் அவை மாட்டியிருக்கும். ரேம் மாற்றப் போன கை லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். ஓர் ஊசி தள்ளி மாட்டினாலும் போச்சு. விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு நொடி தொட்டுப் பார்ப்பார்கள். மெஷின் எழுந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, கழன்றது வயர். செலவு பூஜ்யம்.

எந்த ஊசி எது என்று போர்டோடு வந்த கையேட்டில் படம் போட்டிருக்கும். கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்கிற வாடிக்கையாளர் அபூர்வம். செய்கிற மெக்கானிக்கும் அவ்வளவு அதிகமில்லை.

பிராசஸருக்குத் தனியாகப் போகும் 8 ஊசி கனெக்டர்தான் புதிதாக போர்டு மாற்றியவர்களை அதிகம் ஏமாற்றுவது. பெரிய 24 ஊசி கனெக்டரைச் சொருகியதும் மின்சாரம் முழுதும் போய்விட்டதாக மனது நம்பிவிடுகிறது. இதுவோ போர்டின் மேல்மூலையில், விசிறிக்கும் கேபினட் கூரைக்கும் நடுவே, விரல் நுழையாத சந்தில் இருக்கிறது. விட்டுப்போனால் சில போர்டுகளில் விசிறி மட்டும் சுற்றும், வேறொன்றும் நடக்காது. சிலவற்றில் அதுவும் இல்லை. கல்லணையில் தண்ணீர் நிறைந்து நிற்கும், கடைமடை காய்ந்து கிடக்கும்.

ரேம் கதை வேறு. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றின் பள்ளத்தில் உட்காராது. உட்காராததை அமுக்கி உட்கார வைப்பது நம் பழக்கம். சரியான ரேமாகவே இருந்தாலும் ஒரு முனை ‘க்ளிக்’ என்று சொல்லி, மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தால் போதும், மெஷின் உயிரில்லாத மாதிரி இருக்கும். இருக்கிற ரேமையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும், நான்கு பள்ளம் உள்ள போர்டு என்றால் பிராசஸரிலிருந்து இரண்டாவது பள்ளத்தில், போட்டுப் பார்ப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். தங்க நிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் போடுவது நம்மூர் வழக்கம். புத்தகம் படித்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் வேலை நடக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘கம்ப்யூட்டர் ஆன் ஆகல’ என்று வருகிறவர்களில் பலருக்கு மெஷின் ஆன் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. திரையில்தான் ஒன்றும் வரவில்லை. இரண்டும் வெவ்வேறு நோய். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு என்றால், புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்டவர் மானிட்டர் கேபிளைப் பழையபடி மதர்போர்டிலேயே சொருகியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. போர்டில் சொருகிய மானிட்டர் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் விழிக்காது.

இனி எஸ்எம்பிஎஸ். இந்த விஷயத்தில் குற்றம் வாங்குகிறவர்மேலும் உண்டு. அப்கிரேடு என்றால் பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு. கேபினட்டும் அதற்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழையதே. ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை மாட்டிவிட்டு, மூன்று குதிரைத்திறனுக்குப் போட்ட வயரையும் ஸ்டார்ட்டரையும் அப்படியே விடுவானா ஒரு விவசாயி? ஃபில்டர் பாயிண்ட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை, உடனே நிறுத்து. ஸ்டார்ட்டர் பிடித்துப் பிடித்து விட்டால் ரிலேயைப் பார். காயிலை எடுத்துக்கொண்டு ஓடுவது கடைசி வேலை. அதே மனிதர் மகளின் கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. மதர்போர்டின் பள்ளத்திலிருந்து கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளக்கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குத் தனிக் கேபிள்: 6 ஊசி என்றால் மேலும் 75, 8 ஊசி என்றால் 150. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் இழுக்கக்கூடியது. அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று தயாரிப்பாளரே பரிந்துரைக்கிறார். கேபினட்டோடு இலவசமாக வந்த மலிவுப் பெட்டியில் ‘450’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது கொடுக்கும் உண்மையான திறனை, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எழுதியிருக்கும் ஆம்பியரைப் பெருக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நெல் மூட்டையில் மேலே கை விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் குத்தூசி போட்டு அடியில் எடுத்துப் பார்ப்பதில்லையா, அது மாதிரி.

பட்டனை அழுத்தியதும் விசிறி ஒரு துள்ளு துள்ளி உடனே நின்றால், அது சாவு அல்ல, தற்காப்பு. எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது தாங்க முடியாத சுமை இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் தானாகவே மூடிக்கொள்கிறது. போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று தவறான இடத்தில் நின்று போர்டின் அடிவயிற்றில் உரசினாலும் இப்படி நடக்கும். பழைய கேபினட்டில் புது அளவு போர்டை மாட்டும்போது இது சகஜம். தப்பி விழுந்த ஒரு திருகாணி போதும். நம் பக்கத்தில் பல்லியும் எறும்பும் கூடச் சந்தேகப் பட்டியலில் உண்டு. போர்டை வெளியே எடுத்து ஒரு அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, பிராசஸர், அதன் விசிறி, ஒரு ரேம் மட்டும் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வரும். எழுந்தால், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வரலாம். எதைச் சேர்க்கும்போது நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

யூபிஎஸ்ஸையும் விட்டுவிடக் கூடாது. 600 விஏ என்று எழுதிய சின்ன யூபிஎஸ் உண்மையில் தாங்குவது 300 முதல் 360 வாட் அளவே. புதுக் கார்டு போட்ட மெஷினை அதில் மாட்டினால், மின்சாரம் போன நொடியில் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பார்க்கும் ஒரு சோதனை, ஒரு ஆட்டோ செலவை மிச்சப்படுத்தும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துபார்க்கலாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபினட்டைத் திறக்கலாம், எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லும். இன்னொன்று, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய கம்பெனியின் கேபிளைப் புதுக் கம்பெனியின் பெட்டியில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும். ஒரே அழுத்தலில் ஹார்டு டிஸ்க், அதோடு பத்து வருடக் கல்யாணப் போட்டோக்கள், எல்லாம் காலி.

பாகம் எல்லாம் நல்லதாக இருந்தும் எழாத கேஸ்களும் உண்டு. 2018 தொடக்கத்தில் ஏஎம்டி நிறுவனம் புதிய ரைசன் பிராசஸர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது உலகம் முழுவதும் இது நடந்தது. பிராசஸர் புதிது, பொருந்தும் போர்டும் கடையிலிருந்து வந்த புதிதே. ஆனால் போர்டில் பதிந்திருந்த பயாஸ் பழையது. அதற்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியவில்லை. பயாஸைப் புதுப்பிக்க மெஷின் எழ வேண்டும், மெஷின் எழப் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியில் ஏஎம்டியே பழைய வகைப் பிராசஸர் ஒன்றை வாடிக்கையாளர்களுக்கு இரவலாக அனுப்பி, புதுப்பித்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னது. அன்றைக்கு அவசரப்பட்டு ‘போர்டு போயிடுச்சு’ என்று தூக்கிப் போட்டவர்கள் நல்ல போர்டைத்தான் தூக்கிப் போட்டார்கள். டிடிஆர்5 வந்த பிறகு இதன் தம்பி ஒன்று கிளம்பியிருக்கிறது: முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமை அளந்து பழகிக்கொள்ள சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பு. நமக்கோ முப்பது விநாடிக்கு மேல் பொறுமை இல்லை; பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்கிறோம். அது மறுபடி முதலிலிருந்து அளக்கத் தொடங்குகிறது.

இதையெல்லாம் இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போக வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான மெஷின்கள் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. ஜெராக்ஸ் கடை, அரிசி ஆலை ஆபீஸ், உரக்கடை, ஆடிட்டர் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் கேபினட்டை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றும் வேலை பெருகியிருக்கிறது. போதாக்குறைக்கு அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதே காரணம். டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இந்தச் சமயத்தில் சரியாக உட்காராத ரேமை ‘போயிடுச்சு’ என்று சொல்வது சின்னத் தவறு அல்ல. ஒரு மா நிலத்துக்கான நடவுக் கூலியை அது விழுங்கிவிடும்.

கடைக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாடிப்படிக்குக் கீழே எட்டுக்கு எட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள் திறமை இல்லாதவர்கள் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழகம் முழுவதும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றுக்கு எஸ்எஸ்டி போட்டு, பேட்டரி மாற்றி, தங்கை வரைக்கும் ஓட வைத்தவர்கள் இவர்கள்தான். ஆனால் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு இவர்களுடைய பில்லில் ஒரு வரி கிடையாது. அரை மணி நேரம் குனிந்து தேடி ஒரு வயரைச் சொருகிவிட்டு முந்நூறு ரூபாய் கேட்டுப் பாருங்கள்: “வயரச் சொருகுனதுக்கா முந்நூறு?” என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதே வாடிக்கையாளர் ஆறாயிரம் ரூபாய்க்கு போர்டு மாற்றினால் நன்றி சொல்லிவிட்டுப் போவார். தேடியதற்குக் கூலி தர மாட்டோம், பொருளுக்குத்தான் தருவோம் என்று நாம் அடம் பிடித்தால், கடைக்காரர் பொருளைத்தான் விற்பார். வைத்தியருக்குக் கன்சல்டிங் பீஸ் கொடுக்கப் பழகிய ஊர் இது. ‘பார்க்கிறதுக்கு இவ்வளவு, பாகத்துக்கு இவ்வளவு’ என்று கடைகள் பலகை மாட்டட்டும். நாமும் முகம் கோணாமல் கொடுக்கலாம்.

பள்ளிக்கூடமும் இதில் விலகி நிற்க முடியாது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே, கம்ப்யூட்டர் எழும்போது தன்னைத்தானே சோதித்துக்கொள்வது பற்றி இருக்கிறது. கோல்ட் பூட்டிங், வார்ம் பூட்டிங் வேறுபாட்டைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு கேபினட்டின் நாலு திருகாணியைக் கழற்றிய அனுபவம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்? ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையில் ஒரு கணினி என்று அரசு அறிவித்தது. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024 செப்டம்பரில் மினி டைடல் பார்க் திறந்தாகிவிட்டது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,800 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ரோபோ வரைக்கும் நவீனமாக்கியிருக்கிறார்கள். இத்தனையும் நல்ல காரியம்தான். இவற்றோடு ஒரு பழுதான பழைய மெஷினையும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி லேபின் மூலையில் திறந்து வைத்தால் என்ன? ஆசிரியர் காலையில் ஒரு கேபிளைக் கழற்றி வைக்கட்டும். மாலைக்குள் எங்கே அடைப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். இதற்கு அரசாணையோ டெண்டரோ தேவையில்லை; ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். வாய்க்கால் கரையில் அப்பாவோடு நடந்த பிள்ளைகளுக்கு இது அரை நாளில் பிடிபட்டுவிடும்.

அதுவரை, அப்கிரேடுக்குக் கொடுப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். திறப்பதற்கு முன் உள்பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு தகராறு வராது. கடையை விட்டுக் கிளம்புமுன் உங்கள் கண்முன்னால் ஆன் செய்து, முழுவதும் அணைத்து, இன்னொரு முறை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரேமை ‘அது வேஸ்ட்டு சார்’ என்று சொன்னாலும் கேட்டு வாங்கிவந்து ஒரு காகிதத்தில் சுற்றி வையுங்கள். போர்டை மாற்றாதவரை அதே போர்டுக்குப் பொருந்துகிற ரேம் அது. அடுத்த முறை மெஷின் எழாமல் போனால், போட்டுப் பார்க்க முதலில் தேவைப்படுவது அதுதான்.